பன்னிரண்டு மணி நேரத்தை இருபது விநாடியில் காட்டுவது: தி. நகரில் ஒரு டைம்லாப்ஸ்

கேட்கப்பட்டது இதுதான். விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறார்கள். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்க்கும் செக்யூரிட்டி ஒருவரைப் பற்றிய கதை. அவருடைய ஒரு நாள் கடந்துபோவதைப் படத்தின் நடுவில் 20 விநாடி டைம்லாப்ஸாக, அதாவது இடைவெளி விட்டு எடுத்த படங்களைத் தொடர்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். கையில் இருப்பவை இரவல் வாங்கிய கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு டிரைபாட், ஒரு ஐபோன். எடுக்க வேண்டிய இடங்கள் என்று மெரினா, சென்ட்ரல், கத்திப்பாரா, நேப்பியர் பாலம், எல்.ஐ.சி. கட்டடம் ஆகியவற்றைக் குறித்து வைத்திருக்கிறார்கள். என்ன செட்டிங், எத்தனை விநாடிக்கு ஒரு படம், யாரிடம் அனுமதி என்பவை கேள்விகள்.

செட்டிங்குக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த இடங்களைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான் அமையும்.

நீங்கள் குறித்த ஐந்து இடங்களில் ஒன்றைக்கூட உங்கள் செக்யூரிட்டி அன்றைக்குப் பார்க்கப் போவதில்லை. அவர் ஒரே வாசலில், ஒரே தெருவைப் பார்த்தபடி நிற்கிறார். கத்திப்பாராவின் வளைவுகளை 2008இல் பாலம் திறந்ததிலிருந்து செய்தி சேனல்களும் விளம்பரங்களும் மேலிருந்து காட்டிக்கொண்டேதான் இருக்கின்றன. நேப்பியர் பாலத்துக்கு 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தபோது ஊரே படம் எடுத்துப் போட்டது. அவற்றைப் பார்த்ததும் பார்வையாளர் 'இது சென்னை' என்று நினைப்பார், அதோடு அந்தக் காட்சி முடிந்துவிடும். கதை சென்னையில் நடக்கிறது என்பது பார்வையாளருக்கு முதல் நிமிடத்திலேயே தெரியும். உங்கள் 20 விநாடி சொல்ல வேண்டியது வேறு: அந்த மனிதர் நிற்கும் நேரம் எவ்வளவு நீளம், அவரைச் சுற்றி எத்தனை பேர் வந்து போனார்கள், அவர் மட்டும் எப்படி நகரவே இல்லை. அதைச் சொல்ல அவருடைய தெருவே போதும். ஐந்து இடங்களையும் விட்டுவிடுங்கள். இருபது விநாடியையும் ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார் வட்டாரத்துக்குள்ளேயே எடுங்கள்.

இதில் ஒரு நடைமுறை லாபமும் இருக்கிறது. நேப்பியர் பாலத்திலிருந்து வடக்கே திரும்பினால் கோட்டை, கடற்படை வளாகம், துறைமுகம் என்று வரிசையாக வரும். சென்ட்ரல் ரயில்வே இடம். கத்திப்பாராவுக்குப் பக்கத்திலேயே விமான நிலையம். டிரைபாடை விரித்த பத்தாவது நிமிடம் யாராவது வந்து கேட்பார்கள். கேட்பது அவர்கள் கடமை. மாணவர் படத்துக்கு இருக்கும் கொஞ்ச நாளை அனுமதிக்காக அலைவதிலேயே செலவழிக்க வேண்டாம்.

சரி, ஒரு நாளை எப்படி 20 விநாடி ஆக்குவது? எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, கேமராவை ஒரே இடத்தில் வைத்துக் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை எடுத்துவிடலாம் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 20 விநாடிக்கு 500 ஃபிரேம். பன்னிரண்டு மணி நேரம் என்பது 43,200 விநாடி. அதை 500ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 86 விநாடிக்கு ஒரு படம். ஒரு படத்தில் இருந்த ஆட்டோவும் ஆளும் அடுத்த படத்தில் இருக்க மாட்டார்கள். தெருவில் கூட்டம் ஓடுவது போலத் தெரியாது, ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு வேறு ஆட்கள் பளிச் பளிச்சென்று தோன்றி மறைவார்கள். கண்ணுக்குத் தொந்தரவாக இருக்கும். வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் அந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகும். முழு நாளையும் ஒரே ஷாட்டில் எடுப்பது மலைக்கும் வானத்துக்கும் பொருந்தும், ரங்கநாதன் தெருவுக்குப் பொருந்தாது.

ஆகவே நான்கு துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு மாற்றம் மட்டும், அதுவும் தொடக்கமும் முடிவும் உள்ள மாற்றம். கடைகளின் ஷட்டர் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறப்பது ஒன்று. மதிய வெயிலில் நிழல் நகர்வது ஒன்று. மாலைக் கூட்டத்துக்கு நடுவே அவர் அசையாமல் நிற்பது ஒன்று. வானம் இருண்டு கடை விளக்குகள் எரிவது ஒன்று. ஒவ்வொன்றும் நாலைந்து விநாடி வரும். நடுவில் விட்டுப்போன மணி நேரங்களைப் பார்க்கிறவரே நிரப்பிக்கொள்வார்.

நகரத்தை டைம்லாப்ஸில் எடுத்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே இப்படி ஒரு மாற்றத்தைப் பிடித்துக்கொண்டுதான் எடுத்தார்கள். 1901இல் நியூயார்க்கில் ஒரு நாடக அரங்கத்தை இடித்தபோது, எதிர்ப்பக்கத்தில் கேமராவை வைத்து, வேலை நடந்த நாட்களில் பகல் நேரம் முழுக்கச் சில நிமிடங்களுக்கு ஒரு ஃபிரேம் எடுத்துச் சேர்த்தார்கள். கட்டடம் மேலிருந்து கீழே கரைந்து காணாமல் போகும். முன்னால் தெருவில் ஆட்களும் வண்டிகளும் போய்க்கொண்டே இருப்பார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் கடைசி வரை பார்க்க வைக்கிறது, ஏனென்றால் அந்தக் கட்டடம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரிந்தாக வேண்டும். உங்கள் ஒவ்வொரு துண்டுக்கும் அப்படி ஒரு 'என்ன ஆகும்' வேண்டும்.

இனி இடைவெளி. எத்தனை விநாடிக்கு ஒரு படம் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எதை எடுக்கிறீர்களோ அதன் வேகத்திலிருந்துதான் அது வரும். நடக்கிற கூட்டம், ஓடுகிற வண்டி என்றால் 1 முதல் 3 விநாடி. வேகமாகப் போகும் மேகம் என்றால் 3 முதல் 5. சூரியன் மறைவது 5 முதல் 10. நிழல் 15 முதல் 30. உங்கள் ஷட்டர் கதவுகளையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் பெரும்பாலான கடைகள் திறந்துவிடும் என்றால் 3,600 விநாடி. திரையில் 5 விநாடிக்கு 125 ஃபிரேம் வேண்டும். கணக்குப்படி 29 விநாடிக்கு ஒன்று போதும். ஆனால் 10 விநாடிக்கு ஒன்று எடுங்கள். 360 படம் கிடைக்கும். எடிட்டில் மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் 120 ஃபிரேம், கிட்டத்தட்ட 5 விநாடி. அதிகமாக எடுத்ததைக் குறைத்துக்கொள்ளலாம், எடுக்காத ஃபிரேமை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. கடை எப்போது திறக்கிறது என்பதை முந்தின நாளே போய் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். கிழமைக்குக் கிழமை மாறும்.

1500டியில் இடைவெளி விட்டுத் தானாக எடுக்கும் வசதி கிடையாது. வயரோடு வரும் இன்டர்வலோமீட்டர் ரிமோட் ஒன்று தனியாக வேண்டும். பக்கவாட்டு ரிமோட் துளையில் செருகும் வகை, பெரிய விலை இல்லை. வாங்கும்போது கேமராவைக் கையில் கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

கேமராவில் தானாக மாறக்கூடிய எதையும் மாற விடக் கூடாது. அதுதான் செட்டிங்கின் அடிப்படை. மோடு மேனுவல். வெளிச்சத்துக்கான உணர்திறனாகிய ஐஎஸ்ஓ ஒரே எண்ணில். வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கவே கூடாது. வெயிலுக்கு டேலைட், மாலைக்கும் கடை விளக்குக்கும் எடுத்துப் பார்த்து ஏதாவது ஒன்று, ஆனால் அந்தத் துண்டு முடியும் வரை அதே ஒன்று. லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சுவிட்சுகளில் ஃபோகஸை எம்எஃப் பக்கமும் ஸ்டெபிலைசரை ஆஃப் பக்கமும் தள்ளிவிடுங்கள். டிரைபாடில் ஸ்டெபிலைசர் வேலை செய்தால் ஃபிரேம் தானாக மெல்ல நகரும். கேமராவின் பின்திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் வைத்துவிட்டு, ஃபோகஸ் வளையத்தையும் ஜூம் வளையத்தையும் ஒரு துண்டு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். எடுத்த படத்தைத் திரையில் காட்டும் ரிவியூ வேண்டாம், பேட்டரியைத் தின்னும். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த நேரத்துக்குச் சமமாக இன்னொரு நேரம் எடுத்துக்கொண்டு உங்கள் இடைவெளியைக் கெடுத்துவிடும்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகும் படம் லேசாக மினுமினுக்கலாம். காரணம் அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை. டிஎஸ்எல்ஆரில் ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸின் இதழ்கள் மூடித் திறக்கின்றன. ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசத்தில் நிற்கும். ஒற்றைப் படத்தில் தெரியாது, 25 படம் ஒரு விநாடியில் ஓடும்போது தெரியும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்தால், கிட் லென்ஸில் 18 மில்லிமீட்டரில் எஃப் 3.5, இதழ்கள் அசையவே வேண்டியதில்லை, மினுமினுப்பு போய்விடும். ஆனால் பகலில் அவ்வளவு திறந்தால் வெளிச்சம் தாங்காது. அதற்குத்தான் என்டி ஃபில்டர், லென்ஸின் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. உங்கள் லென்ஸுக்கு 58 மில்லிமீட்டர் அளவு.

என்டி ஃபில்டருக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. மாணவர் படங்களில் நான் பார்க்கும் டைம்லாப்ஸ்கள் பெரும்பாலும் விறைப்பாக, தத்தித் தத்திப் போவதற்குக் காரணம் கேமராவின் ஷட்டர் வேகம் அதிகமாக இருப்பதுதான், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் அது மிகக் குறைந்த நேரமே திறந்திருப்பதுதான். 1/500இல் எடுத்தால் ஒவ்வொரு ஆளும் உறைந்து நிற்பார், அடுத்த ஃபிரேமில் இரண்டடி தள்ளி உறைந்து நிற்பார். இடைவெளியில் பாதி நேரம் ஷட்டர் திறந்திருந்தால், அதாவது 2 விநாடி இடைவெளிக்கு 1 விநாடி ஷட்டர் என்றால், நடக்கிறவர்கள் இழுபட்டுக் கலங்கித் தெரிவார்கள், ஃபிரேம்கள் ஒன்றோடொன்று இணைந்து ஓடும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்றால் ஷட்டர் 1/200 பக்கம் வரும். என்டி64 ஆறு ஸ்டாப் குறைக்கும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. அப்போது சுமார் 1/3 விநாடி கிடைக்கும். மாலை ஐந்து மணிக்குத் தெரு நிழலில் இருக்கும்போது அதே ஃபில்டரோடு, அப்பர்ச்சரைக் கொஞ்சம் திறந்தால் 1 விநாடியைத் தொட்டுவிடலாம். ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் என்டி64 வாங்குங்கள். திருகித் திருகி அளவு மாற்றும் வகையில் அகலமான கோணத்தில் வானத்தில் கறுப்புப் பட்டை விழும் தொல்லை உண்டு. கூடுதல் சலுகை ஒன்று: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் நீளமாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் படத்தில் தெரியாது.

இப்போது உங்கள் படத்தின் உயிரான மூன்றாவது துண்டு. நடிகரை வாசலில் நிறுத்துங்கள். 2 விநாடி இடைவெளி, 1 விநாடி ஷட்டர். 250 படம் எடுக்க 8 நிமிடம் 20 விநாடி ஆகும். திரையில் அது 10 விநாடி, வேண்டிய பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அத்தனை நேரமும் அவர் அசையாமல் நிற்க வேண்டும். அவர் கூர்மையாக இருப்பார், தெரு முழுக்க அவரைக் கடந்து புகை மாதிரி ஓடும். எந்த வசனமும் இல்லாமல் உங்கள் கதை அங்கே நிற்கும். இதற்குச் சில நுணுக்கங்கள். மூச்சு விடுவதிலும் கண் சிமிட்டுவதிலும் பிரச்சினை இல்லை, ஒரு விநாடி எக்ஸ்போஷரில் அவை காணாமல் போய்விடும். தோளும் தலையும்தான் முக்கியம். முதுகைச் சுவரிலோ தூணிலோ லேசாகச் சாய்க்கச் சொல்லுங்கள். பார்வைக்கு எதிர்க்கடையின் பெயர்ப்பலகையில் ஒரு புள்ளியைக் கொடுங்கள். கேமராவை அவருக்கு ரொம்பப் பக்கத்தில் வைக்காதீர்கள், முழு உருவம் தெரிகிற தூரத்தில், கொஞ்சம் உயரத்திலிருந்து வையுங்கள். குறுக்கே வருகிறவர்கள் அவரை ஒரேயடியாக மறைக்காமல் இருக்க அந்த உயரம் வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு தடவை அவர் காலை மாற்றி நிற்கட்டும். திரையில் அது ஒரு சிறு நடுக்கமாகத் தெரியும். நாள் முழுக்க நின்றவருடைய கால் அதில் இருக்கிறது. எனக்கு அந்த நடுக்கம் வேண்டும் என்று தோன்றுகிறது. நீங்கள் இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

2 விநாடி இடைவெளியில் ரா படம் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் பெரிய கோப்பு) எடுக்கும்போது, அடுத்த படத்துக்கு முன் கார்டில் எழுதும் சிவப்பு விளக்கு அணைகிறதா என்று முதலிலேயே சோதியுங்கள். அணையவில்லை என்றால் இடைவெளியை 3 ஆக்குங்கள், ஷட்டரை ஒன்றரை விநாடி பக்கம் கொண்டுபோங்கள். பாதியில் கேமரா ஒரு படத்தைத் தவறவிட்டால் ஓட்டத்தில் வெட்டு விழும்.

நீண்ட ஷட்டரால் வருகிற இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். கடைக்கு வந்து போகிறவர்களின் முகம் தெரியாது. நூற்றுக்கணக்கானவர்களிடம் சம்மதம் வாங்க முடியாத இடத்தில், அவர்களை அடையாளம் தெரியாமல் வைத்திருப்பது நம் பொறுப்பு. உங்கள் படத்தில் முகம் உள்ள ஒரே ஆள் அந்த செக்யூரிட்டி என்பது கதைக்கும் சரியாக இருக்கிறது.

மதிய நிழல் துண்டுக்கு முன் திசையைப் பாருங்கள். ரங்கநாதன் தெரு மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலை வரை கிழக்கு மேற்காக ஓடுகிறது. டிசம்பரில் சென்னையில் நண்பகலில்கூட சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்குப் பக்கத்துக் கட்டடங்களின் நிழல் அந்தக் குறுகிய தெருவை மூடிக்கொள்ளும், நகர்வதற்குப் பெரிய நிழல் கோடு கிடைக்காது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நீங்கள் எடுப்பது நவம்பர், டிசம்பர் என்றால் இந்தத் துண்டுக்கு மட்டும் பாண்டி பஜாருக்குப் போங்கள். 2019இல் அங்கே நடைபாதையை அகலப்படுத்தி அமைத்த பிறகு மரங்களும் உட்காரும் இடங்களும் இருக்கின்றன. மர நிழல் தரையில் ஊர்வதை 20 விநாடிக்கு ஒன்றாக ஒரு மணி நேரம் எடுத்தால் 180 ஃபிரேம், 7 விநாடிக்கு மேல் வரும். நாலு விநாடி வைத்துக்கொண்டால் போதும். செக்யூரிட்டி சாப்பிட உட்காரும் காலி நாற்காலி ஒன்று ஃபிரேமில் இருந்து, அதன் நிழல் நகர்ந்தால் இன்னும் நல்லது.

நான்காவது துண்டு, பகல் இரவாவது. இதற்கு ஐரோப்பிய, அமெரிக்கப் பயிற்சி வீடியோக்களைப் பார்த்துத் திட்டம் போட்டிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே சூரியன் சாய்ந்து இறங்குவதால் அந்தி நீளமாக இருக்கும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே விழுகிறது. நவம்பர் கடைசியில் 5:40 வாக்கில் மறையும், ஆறேகாலுக்கெல்லாம் வானத்தில் நீலம் மிச்சமிருக்காது. வானத்தின் வெளிச்சமும் கடை விளக்கும் சம அளவில் இருக்கிற அழகான நேரம் கால் மணி நேரம்தான். ஐந்து மணிக்கே டிரைபாட் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஜூலையில் எடுத்தால் மறைவு 6:40 பக்கம். இன்னொன்று, சூரியன் எல்லா நாளும் நேர் மேற்கில் மறையாது. டிசம்பரில் சுமார் 24 டிகிரி தெற்கே, ஜூனில் அதே அளவு வடக்கே. உங்கள் தேதிக்கு எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கும் என்பதை ஸ்டெல்லேரியம் போன்ற இலவச ஆப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

பகலிலிருந்து இரவுக்குப் போகும்போது வெளிச்சம் பல ஸ்டாப் குறையும், மேனுவலில் பூட்டிய எக்ஸ்போஷர் பாதியிலேயே கறுத்துவிடும். அதை ஒரே ஷாட்டில் மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போகும் முறை இருக்கிறது. எல்ஆர்டைம்லாப்ஸ் என்ற மென்பொருளே முக்கியமாக அதற்காக வந்ததுதான். மூன்று நாள் பழகி எடுக்க நேரம் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் எளிய வழி ஒன்று சொல்கிறேன், திரையில் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். டிரைபாடை அசைக்காமல் இரண்டு தனித்தனி ஷாட் எடுங்கள். மறைவதற்கு அரை மணி முன்னால் தொடங்கி மறையும் வரை ஒன்று. பிறகு நிறுத்தி, நீல வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரைப் புதிதாக வைத்து இன்னொன்று. எடிட்டில் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று விநாடி டிசால்வ் செய்தால் விளக்குகள் மெதுவாக ஏறுவது போலவே இருக்கும். நடுவில் யாரும் டிரைபாடைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். செட்டிங் மாற்றும்போதுகூட ஒரு கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மாற்றுங்கள்.

எங்கே நின்று எடுப்பது? முதல் துண்டுக்கும் நான்காவது துண்டுக்கும் ஒரே இடம், ஒரே ஃபிரேம் வேண்டும். தெருவைப் பார்த்த ஒரு மொட்டை மாடி அல்லது முதல் மாடி ஜன்னல் தேடுங்கள். ரொம்ப உயரம் வேண்டாம். நாலாவது மாடிக்கு மேலே போனால் ஆட்கள் எறும்பாகி, நீங்கள் விட்டுவந்த போஸ்ட்கார்டுக் காட்சியே திரும்பி வந்துவிடும். கடைக்காரரிடம் நேரில் போய் கதையைச் சொல்லுங்கள். செக்யூரிட்டியைப் பற்றிய படம் என்றால் பலர் ஆர்வமாகக் கேட்பார்கள். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தில் உங்கள் பெயர்கள், தேதி, நேரம், எடுக்கும் இடம், ஒரு கேமரா ஒரு டிரைபாட் என்ற விவரம் எல்லாம் இருக்கட்டும். அதில் ஒரு நகலைக் கட்டட உரிமையாளரிடமும் ஒரு நகலை அந்தப் பகுதிக் காவல் நிலையத்திலும் கொடுத்துவிட்டு, ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் டிரைபாட் வைக்க வேண்டுமென்றால் என்ன அனுமதி தேவை என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறந்த ஆகாய நடைபாதை உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். 570 மீட்டர் நீளம், நல்ல உயரம், கீழே கூட்டம். ஆனால் அது ஆட்கள் நடக்கிற வழி. அங்கே டிரைபாடை விரித்தால் நடக்கிறவர்களுக்கு இடைஞ்சல், அதோடு மேலே நடக்கிறவர்களின் அதிர்வு அத்தனை ஃபிரேமிலும் விழும். மேம்பாலங்களிலும் இதே கதைதான், ஒவ்வொரு பேருந்து போகும்போதும் பாலம் அதிரும். ரயில் நிலையத்துக்குள் எடுக்க ரயில்வேயின் அனுமதி தனி. இவை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

பேட்டரி கணக்கு: 1500டியின் பேட்டரி லைவ் வியூ இல்லாமல் சுமார் 500 படம் தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. நாள்பட்ட பேட்டரி அவ்வளவு வராது. ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகச் சார்ஜ் செய்த பேட்டரி போடுங்கள், அல்லது பவர் பேங்கில் செருகும் டம்மி பேட்டரி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். ரா ஒரு படம் 25 எம்பி பக்கம் வரும் என்று வைத்துக்கொண்டால் 400 படத்துக்கு 10 ஜிபி. 64 ஜிபி கார்டு இரண்டு இருந்தால் நிம்மதி. ஏசி கடைக்குள்ளிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸ் வேர்த்துவிடும். பைக்குள்ளேயே அரை மணி வைத்திருந்து பிறகு திறங்கள். டிரைபாடின் நடுத்தண்டில் பையைத் தொங்கவிடுங்கள், ஆனால் பை காற்றில் ஆடாமல் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தால் லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டுங்கள், இல்லையென்றால் இருட்டியதும் அறைக்குள் எரியும் விளக்கு படத்தில் வந்துவிடும். கேமரா இரவல் என்பதால் ஒன்று: இந்த வேலையில் ஷட்டர் ஆயிரக்கணக்கான தடவை அடிக்கும், அது தேய்மானம். கொடுத்தவரிடம் எதற்கு எடுக்கிறீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஐபோனை முக்கிய ஷாட்டுக்கு நம்ப வேண்டாம். அதன் டைம்லாப்ஸ் மோடு நேரம் நீள நீள இடைவெளியைத் தானாகவே கூட்டிக்கொள்ளும், கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்காது. ஷட்டரையும் நீளமாக்க முடியாது. முந்தின நாள் இடம் பார்க்கப் போகும்போது ஒத்திகைக்கு அது அருமை. எந்த ஃபிரேமில் என்ன நகர்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு எடுங்கள்.

எடிட் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரா படங்களை டார்க்டேபிள் என்ற மென்பொருளில் ஒரு படத்துக்குத் திருத்தி மற்றவற்றுக்கு அப்படியே பிரதி எடுங்கள், டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் இமேஜ் சீக்வென்ஸாக, அதாவது வரிசைப் படங்களை ஒரே வீடியோவாக இறக்குங்கள். ப்ராஜெக்ட் 25 ஃபிரேம் என்றால் கடைசி வரை 25தான். உங்கள் படம் 6000 பிக்சல் அகலம் இருக்கும், குறும்படம் 1920இல் முடியப் போகிறது. அதனால் எடிட்டிலேயே ஃபிரேமை மெல்ல நெருங்கவோ நகர்த்தவோ தாராளமாக இடம் இருக்கிறது. மூன்றாவது துண்டில் மட்டும், மிக மெதுவாக, அவரை நோக்கி நெருங்குங்கள். மற்ற மூன்றையும் அசைக்காதீர்கள். மினுமினுப்பு மிச்சமிருந்தால் எல்ஆர்டைம்லாப்ஸின் இலவசப் பதிப்பு ஒரு சீக்வென்ஸுக்கு 400 படம் வரை கையாளும், உங்கள் துண்டுகளுக்கு அதுவே போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று ஒலி. டைம்லாப்ஸுக்கு ஒலி கிடையாது என்பதால் எல்லோரும் அதன் மேல் ஒரு இசையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் எடுத்து முடித்ததும் அதே இடத்தில் நின்று ஐந்து நிமிடம் ஒலியைப் பதிவு செய்யுங்கள். காலையில் ஷட்டர் கதவு உருண்டு மேலே போகும் சத்தம், துடைப்பம் தரையில் தேய்வது. மதியத்தில் எங்கோ ஒரு ரேடியோ. மாலையில் வியாபாரிகள் கூவுவது, மாம்பலம் நிலையத்து அறிவிப்பு, மின்சார ரயிலின் ஹாரன். இந்த ஒலிகள் அவற்றின் சாதாரண வேகத்திலேயே ஓடட்டும். படம் பறக்கும்போது ஒலி நிதானமாக இருந்தால், அவருக்கு நேரம் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பது காதில் விழும். மூன்றாவது துண்டில் கூட்டத்தின் சத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு அவர் பூட்ஸ் தரையில் உரசும் சத்தத்தை மட்டும் வைத்துப் பாருங்கள்.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கல்லூரி மாடியிலிருந்து கீழே போகும் சாலையை ஒரு முழு ஒத்திகையாக எடுத்து, எடிட் வரை கொண்டுபோய்ப் பாருங்கள். இன்டர்வலோமீட்டர் மக்கர், கார்டு வேகம், மினுமினுப்பு எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து நடிகர் தேவைப்படும் மூன்றாவது துண்டு, வார நாளில். ஞாயிறு மாலைக் கூட்டம் தாங்காது, அவரைத் தள்ளிக்கொண்டே போவார்கள். அப்புறம் மதிய நிழல், வானம் தெளிவான ஒரு நாளில். கடைசியாக, ஒரே நாளில் காலையும் மாலையும், முதல் மற்றும் நான்காவது துண்டுகள். நவம்பர், டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் அதற்கு மாற்று நாள் ஒன்றையும் கட்டட உரிமையாளரிடம் சொல்லி வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தத் தெருவுக்குள் டிரைபாடோடு நுழையவே முடியாது. போலீஸ் கண்காணிப்புக் கோபுரம் போட்டுக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருக்கும். ஆகவே தேதியைக் குறிக்கும்போது பண்டிகைக்குப் பிந்தைய வாரத்தையும் தவிர்த்துவிட்டு, கடைகள் வழக்கத்துக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.